உறை மோரும் உருமாறிய புரதமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் முதுமை மறதி நோயைப் பற்றி எழுதியபோது, மூளையில் தவறாக மடிந்த புரதங்களை இப்போது ஆய்வுக்கூடத்திலேயே கண்டறிய முடிகிறது என்று ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்துள்ளன. நான் மருத்துவன் அல்லன். சிங்கப்பூரில் மருத்துவ ஆய்வுக்கூடப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே எந்த மருந்தை உட்கொள்வது, எதை நிறுத்துவது என்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒரு சோதனை எந்தக் கேள்விக்கு விடை தருகிறது, எந்தக் கேள்விக்குத் தருவதில்லை என்பதை மட்டும் என்னால் இயன்றவரை தெளிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: புரதம் "தவறாக மடிகிறது" என்றால் என்ன பொருள்? கோடானுகோடி நல்ல புரதங்களுக்கு நடுவே ஒரு சில மட்டும் உருமாறியிருந்தால் அவற்றை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்? (தெம்பினிசிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சரம். உயிரணுவுக்குள் உருவானவுடன் அந்தச் சரம் தனக்குரிய ஒரு வடிவத்தில் மடிந்துகொள்கிறது. அது செய்யும் வேலை அந்த வடிவத்தைப் பொறுத்தே அமைகிறது. சில புரதங்கள், சரத்தில் ஒரு மணிகூட மாறாத நிலையிலும், வேறொரு வடிவத்தில் மடிந்துவிடக்கூடும். அவ்வாறு மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டி நார்களாகத் திரள்கின்றன. அதைவிட முக்கியமானது, அவை தம்மைத் தொடும் நல்ல புரதங்களையும் தம் வடிவத்துக்கே மாற்றிவிடுகின்றன. இவ்வாறு பரவும் நோய்க்கூறுக்கு 1982ஆம் ஆண்டில் 'பிரியான்' என்று பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி புரூசினர். அந்தக் கருத்தைப் பலர் ஏற்க மறுத்த காலம் போய், 1997இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மிகச் சிறிய அளவில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு நம் சமையலறையிலேயே விடை இருக்கிறது. இரவில் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறை மோர் ஊற்றி மூடி வைக்கிறோம்; காலையில் பாத்திரம் முழுவதும் தயிராகியிருக்கிறது. இப்போது ஒருவர் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கலங்கிய நீரைக் கொண்டுவந்து, இதில் உறை இருக்கிறதா என்று கேட்டால் என்ன செய்வோம்? எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அதை எடுத்துப் பாலில் ஊற்றி விடியும்வரை காத்திருந்தால் தெரிந்துவிடும். தோய்ந்தால் உறை இருந்தது. பால் பாலாகவே இருந்தால் இல்லை. உருமாறிய புரதத்தைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக, அதன் கையில் நிறைய நல்ல புரதத்தைக் கொடுத்து, அதன் வேலையை அதுவே செய்து காட்டட்டும் என்று விட்டுவிடுவதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை. ஆய்வாளர் கிளாடியோ சோட்டோவின் குழு 2001இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. இன்று மருத்துவமனைகளில் அதிகம் பேசப்படும் 'ஆர்டி-குயிக்' முறை, ஜப்பானிய ஆய்வாளர்களும் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள ராக்கி மவுண்டன் ஆய்வகத்தாரும் சேர்ந்து வளர்த்தெடுத்தது.

சோதனை நடப்பதை அருகில் நின்று பார்த்தால் இப்படி இருக்கும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும், பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்துச் சுத்திகரித்த நல்ல புரதமும், உப்புக் கரைசலும், தையோஃபிளேவின் டி என்ற சாயமும் இருக்கும். அதன்மேல் நோயாளியின் முதுகுத் தண்டு நீரிலிருந்து (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர்) 15 அல்லது 20 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு துளியிலும் பாதிக்குக் குறைவாக, சேர்க்கப்படுகிறது. ஒரே நோயாளியின் நீர் நான்கு குழிகளில் இடப்படும். பிறகு ஒளி புகும் மெல்லிய தாளால் தட்டை மூடிக் கருவிக்குள் வைத்துவிடுவார்கள். கருவி அதை 42 பாகை சூட்டிலோ, புதிய முறையாயின் 55 பாகையிலோ வைத்து, ஒரு நிமிடம் குலுக்கும், ஒரு நிமிடம் ஓயும், மறுபடியும் குலுக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு குழியின் ஒளிர்வும் அளக்கப்படுகிறது. அந்தச் சாயம் தனியாக இருக்கும்போது மங்கிக் கிடக்கும். புரத நார்களின் அடுக்குகளுக்கு இடையே போய் அமர்ந்துகொண்டால்தான் பளிச்சென்று ஒளிரும். திரையில் நான்கு கோடுகளும் மணிக்கணக்கில் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருக்கும். உறை இருந்தால், ஒரு கட்டத்தில் ஒரு கோடு திடீரென்று நிமிர்ந்து மேலே ஏறும். பின்னால் இன்னொன்றும் ஏறும். பொதுவாக நான்கில் குறைந்தது இரண்டு கோடுகள் ஏறினால்தான் 'உண்டு' என்று எழுதுவார்கள். பழைய முறையில் இதற்கு மூன்று நாட்களுக்கு மேலும் ஆகலாம்; புதிய முறையில் ஒரு நாளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

உறை மோர் உவமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தயிரைத் தோய்ப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள்; கொதிக்கவைத்தால் இறந்துவிடும். பிரியானுக்கு உயிர் இல்லை. சாதாரணக் கொதிநிலையோ ஃபார்மலினோ அதன் மடிப்பைக் குலைப்பதில்லை என்பதால்தான், அதைக் கையாளும் கூடங்களில் 134 பாகை நீராவியும் செறிந்த சோடியம் ஹைட்ராக்சைடும் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் இன்னோர் இடத்தில் உவமை மிக நன்றாகப் பொருந்துகிறது. காலையில் கெட்டித் தயிரைப் பார்த்து, இரவில் ஊற்றியது அரைக் கரண்டியா இரண்டு கரண்டியா என்று சொல்ல முடியுமா? அதுபோலவே, இந்தச் சோதனை 'உண்டா, இல்லையா' என்பதற்குத்தான் விடை தருகிறது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்குத் தருவதில்லை. எவ்வளவு விரைவில் கோடு ஏறியது என்பதில் ஒரு குறிப்பு இருக்கலாம். ஆனால் எடுத்த நீரில் இரத்தம் கலந்திருந்தாலே அந்த வேகம் குறைந்துவிடும் என்பதால் அதை நம்பி முடிவு கட்டக் கூடாது.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. ஒரு வருடமாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். வழக்கமாகச் செல்லும் ஈரச்சந்தைக்குப் போய்த் திரும்பி வரும்போது இரண்டு முறை புளோக் மாறிப் போய்விட்டார். அவருக்கு நீரிழிவும், அதனால் சிறுநீரகப் பாதிப்பும் உண்டு. ஓர் இரத்தச் சோதனையிலேயே அல்சைமர் நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் கூறுகிறார். செய்து பார்க்கலாமா, ஐயா? (ஈசூனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம், சகோதரி. மேலே நான் விவரித்த சோதனை, உருமாறிய புரதத்தையே நேராக வேலை செய்ய வைத்துப் பார்க்கிறது. உங்கள் உறவினர் சொல்லும் இரத்தச் சோதனை அப்படிப்பட்டதன்று. அது அந்தப் புரதத்தின் நிழலை அளக்கிறது. அல்சைமர் நோயில் மூளையில் இரண்டு புரதங்கள் திரள்கின்றன: உயிரணுக்களுக்கு வெளியே அமிலாய்டு, உள்ளே டாவ். டாவ் புரதச் சரத்தின் 217ஆம் இடத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொண்ட வடிவம், அமிலாய்டு படிவுகள் உண்டாகும் காலத்திலேயே மூளையிலிருந்து கசிந்து மிகச் சிறிய அளவில் இரத்தத்துக்கு வருகிறது. 'பி-டாவ் 217' என்று சோதனைச் சீட்டில் காணப்படுவது அதுதான்.

இன்னொரு புறம் அமிலாய்டு. இதில் பலரும் குழம்பும் ஒரு செய்தி உண்டு: நோய் இருந்தால் முதுகுத் தண்டு நீரில் அமிலாய்டு 42 என்ற வகை கூடுவதில்லை, குறைகிறது. மூளையிலேயே படிந்து சிக்கிக்கொள்வதால் நீரில் வந்து சேர்வது குறைந்துவிடுகிறது. ஆகவே சீட்டில் எண் தாழ்ந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். இந்தப் புரதத்துக்குப் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்பும் உண்டு. நான் பணியாற்றிய ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மூதாட்டியின் தண்டு நீர், பாலிப்ரொப்பிலீன் குழாயில் வருவதற்குப் பதிலாகப் பாலிஸ்டைரீன் குழாயில் வந்து சேர்ந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எண் மிகவும் தாழ்ந்திருந்தது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மூத்த சக பணியாளர் ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்டிராவிட்டால், அந்த எண் அப்படியே கோப்பில் ஏறியிருக்கும். புரதம் மூளையில் சிக்கியதா, குழாயில் ஒட்டியதா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. அவரிடம் மறுபடியும் நீர் எடுக்க வேண்டியிருந்தது. குழாயை எடுத்து வைத்தவரின் ஒரு நிமிட அவசரத்துக்கு, வயதான ஒருவர் இரண்டாம் முறை ஊசிக்குப் படுக்க நேர்ந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அமிலாய்டு 42ஐ அமிலாய்டு 40ஓடு ஒப்பிட்டு விகிதமாகத் தருவதை நான் பெரிதும் வரவேற்பதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒட்டும்போது இரண்டும் ஓரளவு சேர்ந்தே ஒட்டுவதால் விகிதம் அவ்வளவாகக் கெடுவதில்லை.

இனி உங்கள் அப்பாவின் விஷயம். 2025ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் முதன்முறையாக ஓர் இரத்தச் சோதனைக்கு அனுமதி அளித்தது. ஃபுஜிரெபியோ நிறுவனத்தின் அந்தச் சோதனை, பி-டாவ் 217க்கும் அமிலாய்டு 42க்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுகிறது. 499 பேரின் இரத்தத்தைக் கொண்டு பார்த்ததில், 'உண்டு' என்று வந்தவர்களில் 91.7 விழுக்காட்டினருக்கு ஸ்கேனிலோ தண்டு நீரிலோ அமிலாய்டு இருப்பது உறுதிப்பட்டது. 'இல்லை' என்று வந்தவர்களில் 97.3 விழுக்காட்டினருக்கு இல்லை என்பது உறுதிப்பட்டது. நல்ல எண்கள்தாம். ஆனால் அந்த அனுமதியின் வாசகத்தைக் கவனியுங்கள்: வயது 55 அல்லது அதற்கு மேலாகி, நினைவாற்றல் குறையும் அறிகுறிகளோடு, அதற்கென உள்ள மருத்துவரிடம் வந்தவர்களுக்கு மட்டுமே. மேலும், ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு விடை இரண்டிலும் சேராமல் நடுவில் நின்றுவிட்டது. அந்த நடுப்பகுதியை நான் குறையாகக் கருதவில்லை. தெரியாதபோது தெரியவில்லை என்று எழுதும் சோதனையே நம்பத்தக்கது. அப்படி வந்தவர்கள், மூளையில் படிந்த அமிலாய்டைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேனுக்கோ தண்டு நீர்ச் சோதனைக்கோ செல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் கடிதத்தில் சிறுநீரகப் பாதிப்பைக் குறிப்பிட்டது மிகவும் நல்லது. சிறுநீரகம் சரிவர வேலை செய்யாதபோது பி-டாவ் இரத்தத்தில் தேங்கி, மூளையில் உள்ளதைவிட மிகைப்படுத்திக் காட்டக்கூடும். நீரிழிவும் சிறுநீரக நோயும் நம் குடும்பங்களில் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். இதைச் சொல்லாமல் குழாயை மட்டும் அனுப்பினால், எண்ணைப் படிப்பவர் தவறாகப் படிப்பார். எனவே தனியாகப் பணம் கட்டி இரத்தம் கொடுத்துவிட்டு வருவதற்கு முன், பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ அப்பாவை அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12, உட்கொள்ளும் மாத்திரைகள், தூக்கம், மனச்சோர்வு, காது கேட்கும் திறன் ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். இவற்றில் பலவும் சரிசெய்யக்கூடியவை. அதன்பின் நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். புளோக் மாறிப் போன இரண்டு நாட்களையும், அன்று என்ன நடந்தது என்பதையும் தேதியிட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாள், எந்த இரத்தக் குழாய்க்கும் குறையாத சான்று.

கேள்வி: முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்களே? (பிடோக்கிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலோ நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலோ செலுத்தப்படுகிறது. அங்கே இருப்பது நீரும், அதில் மிதக்கும் நரம்பிழைகளும்தான். எடுப்பது பெரும்பாலும் 10 முதல் 15 மில்லிலிட்டர். உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரக்கிறது என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் அது ஈடாகிவிடும். சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கையை அசைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு சோதனையும் எடுக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்கே தோலைக் கொஞ்சம் வெட்டியெடுத்தே கண்டுபிடிக்கிறார்கள் என்கிறான். நம் மருத்துவர் அலட்சியமாக இருந்துவிட்டாரோ? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: அலட்சியம் இல்லை, அம்மா. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை விவரித்த நாள் முதல் இன்றுவரை, கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் தேர்ந்த மருத்துவர் செய்யும் பரிசோதனையே இதைக் கண்டறியும் முதன்மையான வழி. கையை அசைக்கச் சொன்னபோது விரல்களின் வேகம் எப்படித் தேய்கிறது என்பதையும், நடக்கச் சொன்னபோது ஒரு கை வீசாமல் நிற்பதையும் அவர் பார்த்திருப்பார். சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்தவர்களில் ஆயிரத்துக்கு மூவருக்கு இந்நோய் இருப்பதாகவும், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூன்று சமூகங்களிலும் பெரிய வேறுபாடு இல்லை என்றும் 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. வீடுகளுக்குச் சென்று நேரில் பரிசோதித்துப் பெற்ற எண்ணிக்கை அது.

உங்கள் தம்பி சொல்வதும் உண்மைதான். பார்க்கின்சன் நோயில் உருமாறும் புரதத்தின் பெயர் ஆல்ஃபா சைனியூக்ளின். இதையும் உறை மோர் முறையில் தண்டு நீரில் கண்டறியலாம். மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவோடு நடைபெறும் பெரிய ஆய்வொன்றில் 1,123 பேரைச் சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகளில் 87.7 விழுக்காட்டினருக்குக் கோடு ஏறியது; நோயற்றவர்களில் 96.3 விழுக்காட்டினருக்கு ஏறவில்லை. என் மனத்தை ஈர்த்தது அதன் உட்பிரிவுகள். மோப்பத் திறன் குறைந்திருந்த நோயாளிகளில் 98.6 விழுக்காட்டினருக்கு ஏறியிருக்கிறது. எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் மாற்றம் உடையவர்களிலோ 67.5 விழுக்காடுதான்; அதாவது, நோய் இருந்தும் அந்தப் புரதம் சிக்காதவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே பெயரால் நாம் அழைக்கும் நோய்க்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருக்கக்கூடும் என்று இந்த எண் சொல்கிறது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் மேற்கத்தியர். ஆசியரிடையே அதே மரபணுவில் காணப்படும் மாற்றங்கள் வேறு. தேசிய நரம்பியல் கழகத்தின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அவற்றை ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே கிடைத்த விழுக்காட்டை அப்படியே தூக்கி நம் வீட்டுக் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தோல் சோதனை வேறு வகை. கழுத்து, தொடை, கால் ஆகிய மூன்று இடங்களில் 3 மில்லிமீட்டர் அகலத்தில் தோலை எடுத்து, அதன் மெல்லிய நரம்புகளில் பாஸ்பேட் ஏறிய சைனியூக்ளின் இருக்கிறதா என்று சாயமிட்டு நுண்நோக்கியில் பார்க்கிறார்கள். இங்கே தோய வைப்பது கிடையாது; நேரே கண்ணால் தேடுவது. 2024இல் வெளியான 428 பேர் ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகளில் 92.7 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. ஆனால் நோயற்ற ஒப்பீட்டுக் குழுவிலும் 3.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. மேலும் பார்க்கின்சனோடு உறவுடைய நோய்களான லூயி உடல் முதுமை மறதியிலும், பல மண்டலச் சிதைவு நோயிலும் அதே புரதம் தோலில் தெரிவதால், 'இருக்கிறது' என்ற விடை மட்டும் இவற்றில் எது என்று சொல்லிவிடாது. உறை மோர் முறையில் இங்கே ஒரு நம்பிக்கை பிறந்திருக்கிறது. 2020இல் சோட்டோவின் குழு, பார்க்கின்சன் நோயாளியின் நீரும் பல மண்டலச் சிதைவு நோயாளியின் நீரும் ஒரே புரதத்தை வெவ்வேறு வடிவ நார்களாகத் தோய்க்கின்றன என்று காட்டியது. ஒளிர்வு ஏறி நிற்கும் உயரமே இரண்டிலும் வேறு. ஒரே பாலில் வெவ்வேறு வீட்டு உறை வெவ்வேறு பதத்தில் தோய்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து எடுத்து ஆறு மாதத்தில் உங்கள் கணவரின் நடை சீராகிறது என்றால், அதுவே ஒரு பெரிய சான்று. அதற்கு மாறாக, மருந்துக்கு மசியாமல் அடிக்கடி விழுகிறார், இரத்த அழுத்தம் எழுந்து நிற்கும்போது சரிகிறது என்றால் அப்போது இத்தகைய சோதனை உதவுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: கடுகு தாளிக்கும் வாசனையும் காலையில் காப்பியின் மணமும் உங்கள் கணவருக்கு எப்போதிலிருந்து தெரியவில்லை, தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கை கால்களை வீசிக் கத்துவது உண்டா, உண்டெனில் எத்தனை ஆண்டுகளாக. நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவை தொடங்கிவிடுவதுண்டு. இவற்றை அருகில் இருந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கேள்வி: என் மாமா நான்கே மாதங்களில் பேச்சும் நடையும் இழந்து இறந்துவிட்டார். 'சிஜேடி' என்ற நோய் என்றார்கள். தண்டு நீர்ச் சோதனையில் உறுதிப்பட்டது என்றும் சொன்னார்கள். அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்த்துக்கொண்ட எங்களுக்கும் தொற்றிவிடுமா? (அங் மோ கியோ வாசகர்)

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். முதலில் அச்சத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்: தொடுவதாலும் குளிப்பாட்டுவதாலும் ஒரே தட்டில் உண்பதாலும் சிஜேடி எனப்படும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் தொற்றுவதில்லை. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் மிக அரிய நோய் இது. பெரும்பாலோருக்கு வெளியிலிருந்து எந்தக் காரணமும் இன்றித் தானாகவே புரதம் உருமாறித் தொடங்குகிறது. நூற்றில் பத்து முதல் பதினைந்து பேருக்கு மட்டும் மரபணு காரணமாக அமையும். உங்கள் குடும்பத்தில் முன்பு இப்படி வேறு யாரும் இறந்திருந்தால் மரபணு ஆலோசகரைச் சந்திப்பது நல்லது.

முன்பெல்லாம் இந்நோய்க்கு 14-3-3 என்ற புரதத்தைத் தண்டு நீரில் பார்ப்பார்கள். அது மூளை உயிரணுக்கள் விரைவாக அழிந்தால் யாருக்கும் கூடும். பக்கவாதத்திலும் மூளை அழற்சியிலும்கூட உயரும். ஆர்டி-குயிக் வந்த பிறகு நிலைமை மாறியது. நோய் இல்லாதவர்களுக்கு 'உண்டு' என்று அது சொல்வது மிக மிக அரிது. ஆனாலும், நோய் உள்ளவர்களில் சிலருக்குக் கோடு ஏறாமலும் போகலாம். எம்ஆர்ஐ படத்தையும் சேர்த்தே முடிவு செய்வார்கள். 2014இல், மூக்கின் உட்பகுதியைச் சிறு தூரிகையால் வருடி எடுத்து இதே சோதனையைச் செய்தபோது, 31 நோயாளிகளில் 30 பேருக்குச் சரியாகத் தெரிந்தது. மருந்தில்லாத நோய்க்கு இத்தனை சோதனை எதற்கு என்று உங்கள் கடிதத்தின் இறுதியில் கேட்டிருந்தீர்கள். இதே வேகத்தில் நினைவையும் நடையையும் குலைக்கும் சில மூளை அழற்சிகள் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூளையையே தாக்குவதால் வருபவை. சிகிச்சை அளித்தால் குணமாகக்கூடியவை. அவற்றில் ஒன்றைத் தவறவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நாட்களில் மருத்துவர்கள் உங்கள் மாமாவிடம் இத்தனை பார்த்தார்கள்.

கேள்வி: எனக்கு 45 வயது. அம்மாவுக்கு 78 வயதில் அல்சைமர் வந்தது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இப்போதே சோதித்துக்கொள்ளலாமா? (செங்காங் வாசகர்)

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லாதவர்களிலேயே அமிலாய்டு படிவு உள்ளவர்கள் 50 வயதில் பத்தில் ஒருவர், 90 வயதில் பத்தில் நால்வருக்கும் மேல் என்பது உலகளாவிய தொகுப்பாய்வொன்றில் கிடைத்த கணக்கு. அவர்களுள் பலர் மறதியே இல்லாமல் வாழ்ந்து முடிப்பார்கள். உங்களுக்கு 'உண்டு' என்று வந்தால், அதை வைத்துக்கொண்டு நாளை என்ன செய்வீர்கள் என்பதற்கு இன்று மருத்துவத்தில் தெளிவான விடை இல்லை. மரபணுச் சோதனை முடிவுகளைக் காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு 2021 முதல் சிங்கப்பூரில் உண்டு. ஆனால் புரதச் சோதனை மரபணுச் சோதனை அன்று; அந்த ஏற்பாடு இதற்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு 60 வயதுக்கு முன்பே வந்து, அவர் முன்னோருக்கும் அப்படியே வந்திருந்தால் என் விடை வேறாக இருந்திருக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை, செவித்திறன், நடைப்பயிற்சி ஆகியவற்றைக் கவனியுங்கள். 60 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களில் முதுமை மறதி உள்ளோர் 2013இல் பத்தில் ஒருவராக இருந்து 2023இல் 8.8 விழுக்காடாகக் குறைந்திருப்பதை மனநலக் கழகத்தின் ஆய்வு காட்டியது. அந்தக் குறைவுக்கு எந்தப் புரதச் சோதனையும் காரணமன்று.

கேள்வி: இறந்த பிறகு மூளையைத் தானம் செய்தால் இதுபோன்ற ஆராய்ச்சிக்குப் பயன்படுமா? இறுதிச் சடங்கு செய்ய முடியுமா? (தேக்கா வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: மிகவும் பயன்படும். இவ்விதழில் நான் எழுதியவை போன்ற சோதனைகள் சரியா தவறா என்பதற்கு இறுதிச் சான்று மூளைத் திசுவை நேரில் பார்ப்பதுதான். 1906இல் அலோயிஸ் அல்சைமர் தம் நோயாளியின் மூளையில் கண்டதும் அப்படித்தான். சிங்கப்பூர் மூளை வங்கி 2019இல் தொடங்கப்பட்டது. அதுவரை நாம் பெரும்பாலும் மேற்கத்தியரின் மூளையைப் பார்த்து எழுதப்பட்ட அளவுகோல்களைக் கொண்டே நம் மக்களை அளந்து வந்தோம். நோய் உள்ளவர்களின் மூளை மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர்களின் மூளையும் தேவைப்படுகிறது. உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்துவிடுவது நல்லது. இறந்தவுடன் தாமதமின்றி எடுக்க வேண்டியிருப்பதால், உங்கள் விருப்பத்தை வீட்டாருக்கு இப்போதே சொல்லிவைத்திருப்பது அவசியம். முகத்தோற்றம் கெடாமல் எடுத்து உடலைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிடுவார்கள் என்பதால், நீராட்டி, மாலையிட்டு, வழக்கப்படி எல்லாச் சடங்குகளையும் செய்து மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுசெல்லலாம்.